மோஞ்சியாவின் ஐந்து கழுவல்

யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், மோஞ்சியா கெட்டவள் இல்லை. ஸ்ஃபாக்ஸ் நகரத்து மருந்து ஆய்வுக்கூடத்தில் பதினேழு வருஷமாக அவள் கைக்குத்தான் மதிப்பு. போன வருஷம் ராதியா வந்து சேர்ந்தாள், இவள் வயசுக்காரிதான். அன்றைக்கு எரிய ஆரம்பித்தது மோஞ்சியாவின் வயிறு.

வேலை இதுதான். மருந்தில் லேசாகக் கதிர்வீசும் அடையாளம் சேர்த்து, செல்களோடு கலந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு தாளில் வடிகட்டி, சில்லென்ற உப்புநீரில் கழுவி, செல்லில் ஒட்டியது எவ்வளவு என்று மெஷினில் எண்ண வேண்டும். புதிதாக வந்த மருந்தில் ராதியாவுக்கு ஐயாயிரம் வந்தது. மோஞ்சியாவுக்கு ஆயிரத்தைத் தாண்டவில்லை. நன்றாகச் செய்கிறவளைத்தான் தலைநகரான தூனிஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பி, புது மெஷினை ஒப்படைக்கப்போகிறார்களாம்.

மோஞ்சியா நேரே கூடத்தின் தலைவர் டாக்டர் லம்ஜத் முன்னால் போய் நின்றாள்.

"அவ ஒழுங்கா கழுவுறதே இல்ல சார். ஒட்டாததையும் சேர்த்து எண்ணுறா. எல்லார் முன்னாடியும் சோதிச்சுப் பாருங்க."

அதற்கு வழி உண்டு. அடையாளம் இல்லாத அதே மருந்தை ஏராளமாகக் கொட்டிவிட்டால் செல்லில் இடமெல்லாம் நிறைந்து, அடையாளம் உள்ளது ஒட்ட இடமிருக்காது. அப்புறமும் மெஷின் எண்ணுவது கழுவாமல் விட்ட மிச்சம் மீதி. ராதியா கழுவாதவள் என்றால் அந்தக் கலவையிலும் எண் எகிற வேண்டும்.

"தாராளமா பாருடி, எனக்கென்ன பயம்?" என்றாள் ராதியா.

எல்லார் முன்னாலும் எப்போதும்போலக் கழுவிக் காட்டினாள். வந்தது இருநூறு.

"அப்ப அவளோடது நெஜமாவே ஒட்டினதுதான்," என்றார் லம்ஜத். "நீ எத்தன தடவ கழுவுற, மோஞ்சியா?"

"அஞ்சு. ஆற அமர. சுத்தமா இருக்க வேணாமா?"

"பழைய மருந்துக கெட்டியா பிடிச்சிருந்துச்சு, தாங்குச்சு. இது சட்டுனு கழண்டுக்கும். மூணே தடவ, பத்து செகண்டுக்குள்ள முடிக்கணும். நீ ஒட்டினதையும் சேத்துக் கழுவி ஊத்திருக்க."

"எங்க மாமியார் சட்டி தேய்க்கிற மாதிரி இருக்கு," என்றாள் ராதியா. "ஓட்ட விழுற வரைக்கும் விடமாட்டாங்க!"

கூடமே சிரித்தது. தூனிஸுக்கு ராதியா என்று அங்கேயே முடிவாயிற்று.

எல்லோரும் சாப்பிடப் போனதும் மோஞ்சியா தனியாக மூன்றே தடவை, மளமளவென்று கழுவிப் பார்த்தாள். நாலாயிரத்துத் தொள்ளாயிரம். அதைப் பார்த்தும் எரிச்சல் தணியவில்லை, இரண்டு மடங்காயிற்று.

ராதியா ரயிலேறிய அன்று வழியனுப்ப எல்லோரும் வாசல்வரை போனார்கள். மோஞ்சியா நாற்காலியை விட்டு எழவில்லை.