பெரெஸ்லாவ்லுக்கு இரண்டு நாள்

ரிம்மா பாவ்லொவ்னாவைத் தெரியாது என்று யாரொஸ்லாவ்லில் யாராவது சொன்னால், அவர் அந்தக் காலத்தில் டிராமில் ஏறாத ஆளாகத்தான் இருக்க வேண்டும். டயர் ஆலைக்குப் போகும் டிராமில் பல வருஷம் டிக்கெட் கிழித்தவள் அவள். கட்டையான உடம்பு, கணீரென்ற குரல். "உள்ள தள்ளிப் போங்க, நடுவுல ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு இடம் கெடக்கு" என்று அவள் ஓர் அதட்டல் போட்டால், மூட்டையும் முடிச்சுமாக நிற்கிறவர்கள்கூடத் தானாக நகர்ந்துவிடுவார்கள். முதலில் வேலை, மற்றதெல்லாம் அப்புறம் என்பது அவள் வாழ்க்கை முழுக்க வைத்திருந்த சட்டம். அந்தச் சட்டத்தால் அவள் வீட்டில் எதுவும் கெட்டுப்போனதில்லை, ஒன்றைத் தவிர.

அவள் கணவன் அர்க்காடி அதே டயர் ஆலையில் மெக்கானிக். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ஆனால் வாய் சும்மா இருக்காது. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். பிறந்தது பெரெஸ்லாவ்லில், ஆறு ஏரியில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில், மீனவர்கள் தெருவில். வேலை தேடி யாரொஸ்லாவ்லுக்கு வந்தார், டிராமில் ஒரு பெண்ணிடம் திட்டு வாங்கினார், அவளையே கல்யாணம் செய்துகொண்டார். அம்மா செத்த பிறகு அண்ணன் அந்த வீட்டை விற்றுவிட்டான். அதோடு ஊர்ப் பக்கம் போக ஒரு காரணம் இல்லாமல் போயிற்று.

பஸ்ஸில் ஏறினால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரைப் பார்க்காமலே ஒரு ஆயுளைக் கழிக்க முடியுமா என்று கேட்டால், முடியும். பக்கத்தில் இருப்பதால்தான் முடியும். தொழிற்சங்கம் கொடுத்த சீட்டில் கருங்கடல் வரைக்கும் இரண்டு பேரும் போய் வந்திருக்கிறார்கள். பெரெஸ்லாவ்ல் எங்கே ஓடிவிடப் போகிறது என்றுதான் இருந்தது.

மே மாதம் வந்தால் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வரும். அர்க்காடி ஒவ்வொரு வருஷமும் அப்போது பேச்சை எடுப்பார். ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான்.

"மே மாசமா? கிழங்க யாரு நடுவா, உங்க அண்ணனா?"

நம் ஊரில் மே லீவு என்றாலே உருளைக்கிழங்கு நடுகிற லீவுதான். ஊரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு டாச்சாவுக்குப் போய்விடும். டாச்சா என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம், அதில் பலகை அடித்த சின்ன வீடு, செடி வளர்க்க ஒரு கண்ணாடிக் கூடாரம். மேயில் நட்டால் ஜூனில் மண் அணைக்க வேண்டும், ஜூலையில் வண்டு பொறுக்க வேண்டும், ஆகஸ்ட் கடைசியில் தோண்ட வேண்டும். அப்புறம் காளான், அப்புறம் முட்டைக்கோஸ் ஊறுகாய், அப்புறம் பனி. பயணம் போக ஒரு சந்து கிடைக்காது.

ரிம்மாவை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. ஆலை மாதக்கணக்கில் சம்பளம் போடாமல், சம்பளத்துக்குப் பதில் டயரைக் கொடுத்த வருஷங்களை அவள் பார்த்தவள். டயரைத் தின்ன முடியாது. அன்றைக்கு அவர்களை உயிரோடு வைத்தது அந்த ஒரு துண்டு நிலம்தான். இப்போது கடையில் கிழங்கு மலிவாகக் கிடைக்கிறது, இரண்டு பேருக்கு ஒரு கூடை போதும். ஆனாலும் மே வந்தால் அவள் கை பரபரக்கும். "நம்ம வீட்டுல நான் தலைவன் இல்ல, நீயும் இல்ல. கிழங்குதான் தலைவர். அவரு உத்தரவு குடுத்தா நாம கிளம்பலாம்" என்பார் அர்க்காடி. அவளும் சிரிப்பாள்.

அவருடைய இடது கண் சில வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறுகிற நோய். வலது கண்ணை வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார், ஆணி அடித்தார், கேலி பேசினார். அப்புறம் ஒரு வருஷம் மார்ச்சில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர், சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"சொட்டு மருந்த ஒரு வேளைகூட விடாதீங்க. குனிஞ்சு வேலை பாக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. இந்தக் கண்ணு எவ்வளவு நாள் தாங்கும்னு என்னால உறுதி சொல்ல முடியல. பாக்கணும்னு ஏதாவது ஆசை இருந்தா, தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்து கோட்டை மாட்டும்போது அர்க்காடி சொன்னார், "கேட்டியா? டாக்டரே சொல்லிட்டா. பெரெஸ்லாவ்ல்."

ரிம்மா தலையாட்டினாள். அன்று சாயங்காலமே அடுக்களையில் உட்கார்ந்து இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். இரண்டு நாள், ஒரு ராத்திரி. அர்க்காடி தேநீரை ஆறவிட்டு வழி சொல்லிக்கொண்டே இருந்தார்.

"பஸ்ஸ விட்டு இறங்கினதும் நேரா ஆத்தங்கரை. கோயில், மடம், கோட்டை மேடு எல்லாம் அப்புறம். கரையோடயே நடக்கணும். ரெண்டு பக்கமும் படகு கவுத்துப் போட்டிருப்பான். ஆறு கடைசியா ஒரு திருப்பம் திரும்பும் பாரு, அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. திரும்பினா, ஏரி மொத்தமா திறந்துக்கும். நம்மாளு எவனும் அங்க பேச மாட்டான். மீனவனே பேச மாட்டான்."

"நீ மட்டும் பேசுவ."

"நான் புகை போட்ட மீன் தின்னுட்டு இருப்பேன். வாய் காலியா இருக்காது."

"சரி. ஆனா கிழங்க நட்டுட்டுப் போயிடலாம்" என்றாள் ரிம்மா. "ஜூன் முதல் வாரம். அப்ப தோட்டத்துல பெருசா வேலை இருக்காது."

அர்க்காடி ஒத்துக்கொண்டார். மேயில் கிழங்கு நட்டார்கள். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் நினைவு இருந்தது. "நீ வெறும் கிழங்க மட்டும் குழியில போடு, நான் தோண்டுறேன்" என்று ரிம்மா சொன்னாள். குழியில் கிழங்கு போடவும் குனியத்தான் வேண்டும்.

ஜூன் வந்தது. பெரெஸ்லாவ்ல் ஆற்றங்கரையில் ஒரு விதவை வீட்டில் அறை பேசியாயிற்று. கிளம்புகிற காலை ரிம்மா முட்டை அவித்தாள், ரொட்டி அறுத்தாள், பிளாஸ்கில் தேநீர் ஊற்றினாள். அர்க்காடி விடிந்ததிலிருந்தே சட்டை மாற்றிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். பையைக் கட்டிவிட்டு, வழக்கப்படி, இரண்டு பேரும் கோட்டும் செருப்புமாக வாசல் பக்கம் பெட்டி மேல் பேசாமல் உட்கார்ந்தார்கள். பயணம் கிளம்புமுன் ஒரு நிமிஷம் அப்படி உட்கார்ந்து எழுந்தால்தான் போகிற காரியம் நல்லபடி முடியும்.

அப்போது போன் அடித்தது. பக்கத்துத் தோட்டத்து நெல்லி.

"ரிம்மா பாவ்லொவ்னா, ரேடியோ கேட்டீங்களா? இன்னிக்கு ராத்திரி உறைபனி விழும்னு சொல்றான். உங்க தக்காளிக் கன்னெல்லாம் கூடாரத்துல திறந்தாப்புல நிக்குது. சாவி எங்கன்னு சொல்லுங்க, நானே போர்வை போட்டு மூடிடறேன்."

சாவி எங்கே என்று சொல்லியிருந்தால் போதும். வாசற்படிக்குக் கீழே, டப்பாவுக்குள் இருந்தது. ஆனால் நெல்லி போன வருஷம் மிளகாய்ப் பாத்தியை மிதித்துத் துவைத்தவள். அவள் கையில் கன்றுகளைக் கொடுப்பதா? பிப்ரவரியிலிருந்து ஜன்னல் ஓரத்தில் தயிர் டப்பாக்களில் வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வெயில் காட்டி வளர்த்த கன்றுகள் அவை.

"வேண்டாம் நெல்லி, நானே வந்துடறேன்" என்று ரிம்மா போனை வைத்தாள்.

அர்க்காடி இன்னும் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வாரம்தான் அர்க்காஷா. அடுத்த வாரம் இதே நாள்" என்றாள் ரிம்மா, செல்லப் பெயர் சொல்லி.

"உக்காந்தாச்சே ரிம்மா. உக்காந்த பயணத்த நிறுத்தக் கூடாதும்பாங்க."

"கிளம்பின பிறகு திரும்பி வந்தாதானே தப்பு? நாம இன்னும் கிளம்பவே இல்லையே."

"சரிங்க ரிம்மா பாவ்லொவ்னா" என்றார். கோபம் வந்தால்தான் அவர் அவளை அப்படி மரியாதையாகக் கூப்பிடுவார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். அவித்த முட்டைகளைத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் வைத்துத் தின்றார்கள்.

அன்று இருக்கிற பழைய கோட்டு, போர்வை, பேப்பர் எல்லாவற்றையும் கொண்டு ஒவ்வொரு கன்றாக மூடினார்கள். கூடாரத்துக்குள் சூடு தங்கட்டும் என்று அவரும் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் போர்வையை விலக்கிப் பார்த்தால் இலையில் வெறும் பனித்துளிதான். மேகம் மூடிக்கொண்டதால் உறைபனி விழவே இல்லை.

அடுத்த வாரம் மண் அணைக்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் விதவை வீட்டு அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். ஜூலையில் வண்டு. அர்க்காடி அப்புறம் பேச்சை எடுக்கவில்லை. ரிம்மாவும் அதை நல்லதென்று எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவருக்குத் தலைவலி வந்தது, வாந்தி எடுத்தார், விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றார். ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் கத்தி வைத்து, வலி போயிற்று. வலியோடு கண்ணும் போயிற்று. பகல் எது, இரவு எது என்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"குனிஞ்சு வேலை பாத்ததாலயா?" என்று ரிம்மா நடைவழியில் டாக்டரைப் பிடித்துக் கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாது. எப்படியும் வந்திருக்கலாம்" என்றாள் டாக்டர்.

அந்த "லாம்" ரிம்மாவுக்கு உதவவில்லை. கண் எப்படியும் போயிருக்கலாம், சரி. ஜூனில் இருந்ததே. ஜூனில் அது ஏரியைப் பார்த்திருக்குமே. இதற்கு எந்த டாக்டரும் பதில் சொல்லிவிட முடியாது.

அந்த வருஷம் தக்காளி காய்த்ததுபோல் எந்த வருஷமும் காய்த்ததில்லை. வாளி வாளியாகப் பறித்தாள். உப்புத் தண்ணீரில் போட்டு ஜாடிகளை மூடும்போது, நெல்லி வந்து வாயைப் பிளந்தாள். "நல்லவேளை அன்னிக்கு வந்து மூடினீங்க" என்றாள், பாவம், நல்ல மனசோடு. ரிம்மா கையிலிருந்த ஜாடியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

செப்டம்பரில் கிழங்கு தோண்டும் நேரத்தில் அவள் பஸ் டிக்கெட் எடுத்து வந்தாள்.

"எதுக்கு?" என்றார் அர்க்காடி. "நான் போய் என்ன பண்ணப் போறேன்?"

"மீன் திங்கலாம்."

நெல்லிக்கு விஷயம் புரியவே இல்லை. "கிழங்கு மண்ணுக்குள்ள கெடக்குதே, மழை வந்தா அழுகிடுமே."

"அழுகட்டும்" என்றாள் ரிம்மா.

மறுபடியும் முட்டை, ரொட்டி, பிளாஸ்க். அர்க்காடியின் கோட்டுப் பொத்தானை அவள் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். போன் அடித்தது.

"போன்" என்றார் அர்க்காடி.

"கேக்குது."

அடித்து அடித்து அது ஓய்ந்தது. அவள் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பெரெஸ்லாவ்லில் இறங்கியதும், அவர் வழி சொன்னார். அவள் நடத்திக்கொண்டு போனாள். கரையில் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. "படகுக்குப் பூசுற கீல் வாசனை" என்று அவர் நின்றார். ஒரு படகின் அடிப்பகுதியைக் கையால் தடவிப் பார்த்தார். மீனவர்கள் தெருவில் ஒரு வாசலில் புகை போட்ட மீன் வாங்கினார்கள். சின்னச் சின்ன மீன், தலையோடு தின்னலாம். அவர் இரண்டைத் தின்றுவிட்டு எண்ணெய் விரலைக் கோட்டில் துடைத்தார். அவள் இன்னொரு மீனை அவர் கையில் வைத்தாள்.

"இப்ப திரும்பும் பாரு" என்றார்.

ஆறு திரும்பியது. கரையோரம் ஒரு பழைய கோயில், அதைத் தாண்டி ஏரி மொத்தமாகத் திறந்துகொண்டது. செப்டம்பர் வெயிலில் தண்ணீர் அப்படி ஒரு நீலமாக இருந்தது. ரிம்மா ஆயுளில் அப்படி ஒரு நீலத்தைப் பார்த்ததில்லை. கருங்கடலிலும் பார்த்ததில்லை. தூரக் கரை வரைக்கும் ஒரு மறைப்பு இல்லை. இவ்வளவு நல்ல நாளாகவா இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவர் கரைப் பலகையில் உட்கார்ந்தார். "எப்படி இருக்கு?"

"ஒண்ணும் தெரியல அர்க்காஷா" என்றாள். "பனிமூட்டம். தண்ணி எங்க, வானம் எங்கன்னே தெரியல. எனக்கும் ஒண்ணும் தெரியல."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தினார்.

"முகத்துல வெயில் சுள்ளுனு அடிக்குதே ரிம்மா."

தண்ணீர் கல்லில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, பனிமூட்டம்னே இருக்கட்டும்" என்றார் அவர், அவள் முழங்கையைத் தேடிப் பிடித்து. குரலில் கேலி இல்லை. "ரெண்டு நாள் வந்திருக்கோமே. நாளைக்கு விலகினா சொல்லு."

நாளைக்கு. அடுத்த வாரம். கிழங்கு நட்ட பிறகு. அந்த வார்த்தைகளை எல்லாம் இத்தனை வருஷமும் சொன்னவள் அவள்தான். இப்போது அவர் அவளுக்காகச் சொல்கிறார். ரிம்மா கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வேண்டாம்" என்றாள். "இப்பவே விலகுது. இரு, எடது கையோரத்துலருந்து சொல்றேன். ஒரு படகு போகுது, உள்ள ரெண்டு பேரு. ஒருத்தன் துடுப்பு போடுறான். ரெண்டு பேரும் பேசல."