ஒன்பது நொடி ‘ஆ’

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது கால் தப்பியது. வலது கை பலவீனமானது. பேச்சுதான் பெரிய அடி வாங்கியது. சொல்ல நினைப்பதெல்லாம் அவர் மனதில் தெளிவாகவே இருந்தது; நாக்கு ஒத்துழைக்கவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வந்து அணைக்கும் டக் படகில் இருபத்தாறு வருஷம் மாஸ்டராக இருந்தவர். வயர்லெஸ்ஸில் அவர் ஒரு தடவை சொன்னால் போதும், மறுபடி கேட்க வேண்டியதில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் தண்ணீர் கேட்பதற்குத் தம்ளரைக் காட்டினார்.

சென்னையில் இருக்கும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரை டாக்டர் சொன்னார். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு, இன்டர்நெட்டில் வீடியோ கால் வழியாக வகுப்பு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ்ஸை விட்டு இறங்கி, சேலைகூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்து அவரை உட்கார வைப்பேன்.

முதல் வகுப்பிலேயே தொல்லை ஆரம்பித்தது. “கப்பல்னு சொல்லுங்க அங்கிள்” என்பாள் பயிற்சி தரும் அந்தப் பெண். இவர் வியர்த்துப்போய் ஒருவழியாகச் சொல்லி முடிப்பார். “கட் ஆகுது அங்கிள், இன்னொரு வாட்டி.” மறுபடி சொல்வார். “பாதிதான் கேட்டுச்சு.” நாலாவது தடவை கேட்டபோது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

“ஸ்பீடு சரியா வருது மேடம். மோடத்தை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன். ஸ்பீடு இருக்கு. பேச்சு உடையுதே, அதுக்கு என்ன?”

“ஸ்பீடு சரியா இருந்தா பேச்சும் சரியா இருக்கணும் மேடம்.”

இந்த ஒரே பதிலை நாலு நாளில் நாலு பேரிடம் வாங்கினேன். மோடத்தை அலமாரி மேல் ஏற்றினேன், ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்து நகர்த்தினேன், வகுப்பு நேரத்தில் வீட்டிலிருந்த மற்றப் போன்களை எல்லாம் அணைத்து வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஐந்தாவது நாள் ஆள் அனுப்பினார்கள். வந்தவர் மோடத்திலிருந்து லேப்டாப்புக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, நுனியை என்னிடம் காட்டினார்.

“பாத்தீங்களா டீச்சர், பின்னு பூராம் பச்சை பூத்துப் போயிருக்கு. உப்புக்காத்து. கடக்கரைப் பக்கம் எல்லா வீட்லயும் இதே கததான்.”

நுனியை வெட்டிப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் ‘கப்பல்’ முழுசாகச் சென்னை போய்ச் சேர்ந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அந்த நிம்மதி அரை மணி நேரம்தான் இருந்தது. அடுத்த பயிற்சி, ஒரே மூச்சில் ‘ஆ’ என்று முடிந்த மட்டும் இழுப்பது. தொண்டைக்கும் மூச்சுக்கும் பலம் வர அதுதான் அடிப்படையாம். இவர் இழுத்தார். “இன்னும் கொஞ்சம் இழுங்க அங்கிள், ரெண்டு செகண்ட்தான் வருது” என்றாள்.

“இல்லம்மா, ரொம்ப நேரம் இழுத்தாகளே” என்றேன் நான்.

“வீட்ல இருக்கவங்களுக்கு அப்படித்தான் தோணும் ஆண்ட்டி.” தன்மையாகத்தான் சொன்னாள். அதனாலேயே எனக்கு அதிகம் சுட்டது.

தனியாக மைக் வைத்த ஹெட்செட் ஒன்று வாங்கினேன். ‘ஆ’ ஒரு செகண்டாகக் குறைந்தது. ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலை அடைத்தேன். சித்திரை வெயிலில் அந்த அறையில் இருவரும் நனைந்து உட்கார்ந்திருந்தோம். வாரக்கணக்கில் இப்படியே போனது. டாக்டருக்கு அனுப்பிய அறிக்கையில் முன்னேற்றம் இல்லை என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகு எனக்குள்ளும் ஏதோ சரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் காதால் கேட்டதையே நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஒரு வகுப்பின் நடுவில், “கொஞ்சம் மனசு வச்சு இழுங்களேன்” என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு வகுப்புக்கும் வரவில்லை.

அந்தப் பெண் தன் பக்கம் பதிவான ஒரு வகுப்பை எனக்கு அனுப்பி, “நீங்களே கேளுங்க ஆண்ட்டி” என்று எழுதியிருந்தாள். சனிக்கிழமை காலையில் அதைப் போட்டேன். அவருடைய ‘ஆ’ தொடங்கி, ஒரே செகண்டில் நின்றது. அவள் சொன்னது உண்மைதான். நான் மூடப் போனபோது அவர் அறைக்குள் வந்து என் கையைப் பிடித்துத் தடுத்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு விரலால் எதையோ திருகிக் காட்டினார்.

ஃபேன் ரெகுலேட்டர் என்று நினைத்துப் போய்க் குறைத்தேன். இல்லை என்று தலையாட்டினார். லேப்டாப் சத்தத்தைக் கூட்டினேன். அதுவும் இல்லை. எழுதிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. இடது கையால் எழுதினால் எழுத்து கோணிப்போகும். அன்றைக்குப் பேனாவைத் தானே எடுத்தார். ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் எஸ், க்யூ என்று இரண்டு ஆங்கில எழுத்து.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவரோடு டக்கில் வேலை பார்த்த கூட்டாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அது ஸ்குவெல்ச்லா. வயர்லெஸ்ல இரைச்சலை அமுக்குத குமிழ். ரொம்பத் திருகிட்டோம்னா தூரத்துல இருந்து மெல்லமா வார குரலையும் சேத்து அமுக்கிரும்.”

லேப்டாப்பில் அந்த வீடியோ கால் செயலியின் செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பின்னணி இரைச்சலைக் குறைப்பதற்கு ஒன்று இருந்தது. அது ‘ஆட்டோ’வில் கிடந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல், மெலிதாக, நீளமாக வரும் என் கணவரின் ‘ஆ’வை ஃபேன் சத்தம் என்று நினைத்து அது தின்றிருக்கிறது. புது ஹெட்செட்டும் தன் பங்குக்கு அதே வேலையைச் செய்திருக்கிறது. அதைக் கழற்றினேன். இரைச்சல் குறைப்பை அணைத்தேன்.

திங்கட்கிழமை அவர் இழுத்தார். திரையில் அந்தப் பெண்ணின் முகம் அசையாமல் நின்றது. மறுபடி லைன் போய்விட்டதோ என்று பயந்தேன்.

“ஒன்பது செகண்ட் அங்கிள்” என்றாள் கடைசியில். பிறகு என்னிடம், “ஆண்ட்டி, நான் எழுதினது எல்லாமே தப்பு. சாரி.”

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு வந்தது கோபம்தான். அவள்மேல் பாதி, என்மேல் பாதி. அறிக்கையைத் திருத்தி அனுப்பினாள். தொடக்கத்திலிருந்து மதிப்பிட்டு, கடினமான பயிற்சிகளுக்குப் போனார்கள். அன்று வகுப்பு முடிந்ததும் அவரிடம், “அன்னைக்கு நான் அப்படி எரிஞ்சு விழுந்திருக்கக் கூடாது” என்றேன். “ஏளா, விடு” என்றார், என்னை எப்போதும் கூப்பிடுவதுபோல. கோணலாக வந்தாலும் இரண்டு வார்த்தையும் எனக்குப் புரிந்தன.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கைப்பேசியில் இந்த அமுக்கல் வேலையை அணைக்க எந்த வழியும் எனக்குக் கிடைக்கவில்லை. போன வாரம் அந்தக் கூட்டாளி கூப்பிட்டார். இவர் பேசப் பேச, “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் முகம் சிறுத்துப்போவதைப் பார்த்து நான் போனை வாங்கினேன்.

“அவுக பேசிக்கிட்டுத்தான் இருக்காக அண்ணாச்சி. இந்தக் கருமம் பிடிச்ச போன்தான் அனுப்ப மாட்டேங்குது. நேர்ல வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தார். எதிரெதிரே உட்கார்ந்து மத்தியானம்வரை பேசினார்கள். பாதி புரியவில்லை என்று போகும்போது வாசலில் வைத்து என்னிடம் மெல்லச் சொன்னார். அந்தப் பாதியையும் கேட்க அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.