ரம்ஜானுக்கு எடுத்த படம்

படம் நன்றாக இருந்தால் பணம் வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் கொட்டகை நடத்தியிருக்க மாட்டார்கள். ஆம்பூரில் என் அக்காள் புருஷன் நடத்தினார். நான் வாசலில் டிக்கெட் கிழித்தேன். அதற்குப் பேச வேண்டியதில்லை.

ஒரு ரம்ஜானுக்கு, அறுந்து அறுந்து ஓடும் பழைய சண்டைப்படம் ஒன்றைச் சொற்ப வாடகைக்குப் போட்டார். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு லீவு. புதுச்சட்டையும் கையில் காசுமாக ஊரே வந்தது. போட்டதற்கு நாலு பங்கு எடுத்தோம்.

அடுத்த ரம்ஜானுக்கு மாமா புதிய பேசும் படம் கேட்டார். வாடகை மலைக்க வைத்தது. கொட்டகையை ஈடு வைத்தும் ஒரே நாளுக்குத்தான் கட்டுப்படியாயிற்று. எந்த நாள் என்று முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இருபத்தொன்பதாம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள்; தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. தெரியும் என்று நம்பி மாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

இருபத்தொன்பதாம் நோன்பு மாலை பாலாற்று மணலில் பிறை பார்க்கக் கூடியவர்களோடு நாங்களும் நின்றோம். மேற்கே ஒரே மேகம்.

"இன்னா முதலாளி, நோம்பு வெச்ச எங்கள விட நீங்க ஜாஸ்தி தவிக்கிறீங்க!" என்று ஒரு தோல் வியாபாரி சிரித்தார்.

"வேலூர்லயாவது தெரிஞ்சிருக்குமா பாய்?"

"தந்தி வந்தா சொல்றேன். நாளைக்கும் நோம்புதான் போல."

தந்தி வரவில்லை. மறுநாள் இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து ஐம்பது பேர்கூட இல்லை.

அதற்கடுத்த நாள் பெருநாள். படப்பெட்டியோடு வந்திருந்த கம்பெனி ஆள் காலை ரயிலுக்குக் கிளம்பினார். வாடகை பேசியபோதே அவருக்கும் மாமாவுக்கும் வாய்த்தகராறு.

"நான் கேட்டா வீம்புக்குத் தரமாட்டான் மச்சான். நீ ஸ்டேஷனுக்குப் போய்க் கேளு. இன்னிக்கு ஒரு நாள் வுட்டா, வசூல்ல பாதி தர்றேன்னு சொல்லு," என்றார் மாமா.

பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தைகளை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் அவரே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா, எதுனா சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்லீங்க."

ரயில் போய்விட்டது. நான் திரும்பியபோது, தொழுகை முடித்த இளவட்டங்கள் இன்று என்ன படம் என்று கேட்டு வாசலில் நின்றிருந்தார்கள். மாமா ஓடி வந்தார்.

"கேட்டேன் மாமா. முடியாதுன்னுட்டாரு."

"போவட்டும் வுடு. வாயத் தொறந்து கேட்டியே, அதுவே பெருசு," என்று தோளைத் தட்டினார்.

அந்தப் பெட்டி பெருநாள் முழுக்கக் கம்பெனியின் வேலூர் ஆபீசில் சும்மா கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள் கொட்டகை கைமாறியிருந்தது. தனக்காக நான் ஒரு முறை வாய் திறந்ததைப் பற்றி மாமா சாகும்வரை உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.