பெனியனில் விழுந்த சிவப்புப் புள்ளி

யுத்தம் கடுமையாக நடந்துகொண்டிருந்த ஒரு வருடம். பொறியியல் இறுதியாண்டு மாணவனான நான், கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு சிங்கள வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தேன். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பையனுக்கு வாடகை அறை கிடைப்பது லேசான காரியமல்ல. பல வீடுகளில் என் பெயரைக் கேட்டதுமே அறை போய்விட்டது என்றார்கள். இந்த வீட்டு ஆன்ட்டி மட்டும், தமிழர் தங்கினால் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவுக்குக்கூடத் தானே என்னுடன் வந்தார். தெல்தோட்டையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் அம்மா, "அந்த வீட்டம்மா மனசு கோணாம நடந்துக்க. இத விட்டா வேற எடம் இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்.

தண்ணீருக்கடியில் ஓடும் ஒரு சின்ன ரோபோதான் என் இறுதியாண்டு வேலை. அது எதிலும் மோதாமல் போக, முன்னால் இருப்பது எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரிய வேண்டும். தண்ணீர் புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு லேசரையும் ஒரு கேமராவையும் அருகருகே பொருத்தியிருந்தேன். லேசரின் சிவப்புப் புள்ளி எதிரே உள்ள பொருளில் விழும். பொருள் கிட்ட வர வர, கேமரா படத்தில் அந்தப் புள்ளி இடம் மாறும். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் கலங்கல் தண்ணீரில் புள்ளி சிதறிவிடும். ஆன்ட்டி வீட்டுக் குளிக்கும் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர். அடியில் கிடக்கும் சவர்க்காரத் துண்டு வரை தெரியும். அதுவே என் ஆய்வுகூடமானது.

அந்த வாரம் ஆன்ட்டியின் மகன் லீவில் வந்திருந்தார். வடக்கில் முன்னரங்கில் இருந்த சிப்பாய். எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைப்போம், அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரம். தொட்டியில் சோதனை நடந்துகொண்டிருந்தபோது ரோபோவின் ஒரு பக்கம் தண்ணீர் புகுந்து, அது மூக்கை மேலே தூக்கியது. சிவப்புப் புள்ளி தொட்டியை விட்டு வெளியேறி, பின்கதவுப் படியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த அவருடைய வெள்ளைப் பெனியனில், நெஞ்சுக்கு நேரே போய் நின்றது.

அவர் தரையில் விழுந்த பிறகுதான் கோப்பை உடையும் சத்தம் கேட்டது. தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, அம்மாவை வெளியே வர வேண்டாம் என்று சிங்களத்தில் கத்தினார். அந்தப் புள்ளி அவருக்கு என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கி குறி பார்க்கும் புள்ளி.

வயரைப் பிடுங்கினேன். அது என்னுடைய லேசர் என்று சொன்னேன். அறை போயிற்று, அடுத்தது பொலிஸ் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து தொட்டிக்குள் வெகு நேரம் பார்த்தார். தொட்டிக் கட்டை இறுகப் பிடித்திருந்தார். இது என்ன வேலை செய்யும் என்று கேட்டார். தெரிந்த சிங்களத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன்.

கேட்டு முடித்தவர், உள்ளங்கையை விரித்துத் தண்ணீருக்குள் நீட்டினார்.

"இதில போடு, மல்லி."

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. அவர் என்னை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. நான் தயங்கினேன்.

"போடு. எனக்கும் இது பழகட்டும்."

ரோபோவில் புகுந்த தண்ணீரை வடித்து, வயரைத் திரும்பச் செருகினேன். புள்ளி அவர் உள்ளங்கையில் விழுந்தது. என் கணினி முப்பது சென்டிமீட்டர் என்றது. ஓடி வந்திருந்த ஆன்ட்டி, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, தையல் நாடாவை எடுத்து வந்து பிடித்தார். நாற்பது.

"உன் ரோபோவுக்குக் கண்ணாடி போடணும், மகன்" என்றார்.

ஒளி தண்ணீரில் வளைவதை என் கணக்கில் நான் சரியாகச் சேர்த்திருக்கவில்லை. இருட்டும் வரை மகன் கையை முன்னும் பின்னும் நகர்த்த, ஆன்ட்டி அளந்து சொல்ல, நான் திருத்தினேன். இடையில் அந்தச் சிப்பாய் தனக்குத் தெரிந்த ஒரே தமிழில், சோதனைச் சாவடித் தமிழில், ரோபோவிடம் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டார்: "எங்க போறது? ஐசி எங்க?"

பழக்கத்தில் என் கை அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. அதைப் பார்த்து முதலில் அவர் சிரித்தார். பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

ரோபோ தேறியது. நானும் தேறினேன். அதே பின்னறையிலிருந்துதான் இப்போது வேலைக்குப் போகிறேன். யுத்தம் இன்னும் ஓயவில்லை; என்னை மல்லி என்றழைத்த அண்ணன் இன்னும் வடக்கில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அழைப்பு வரும்வரை ஆன்ட்டி தொலைபேசியை விட்டு நகர மாட்டார். ஏதோ வாசிப்பது போல நானும் அங்கேயே இருப்பேன். என் கருவியை யாருக்குக் காட்டினாலும் அந்தப் புள்ளியை முதலில் என் உள்ளங்கையில்தான் விழ வைக்கிறேன். அப்போதெல்லாம், பயத்தோடேயே எனக்காகத் தண்ணீருக்குள் நீண்ட அந்தக் கை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று மனம் தானாக வேண்டிக்கொள்கிறது.