வைப்பர் மோட்டாரில் ஏறிய எண்ணெய்

அன்று மந்தாரக்குப்பத்தில் என் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது மூன்றே பேர்: நான், சுரங்கத்துக்கு ஓடும் கான்ட்ராக்ட் லாரியின் டிரைவர், குள்ளஞ்சாவடி பஸ்ஸுக்காக ஒதுங்கிய முன்பின் தெரியாத ஒருவர்.

லாரி கியர் பாக்ஸின் பழைய எண்ணெயை இறக்கிவிட்டேன். புது எண்ணெய் பேரலில் பாகாகக் கிடக்க, எடுக்கும் கைப்பம்பு உடைந்துபோனது. இரண்டாம் ஷிப்டுக்குள் லாரி போகாவிட்டால் அந்த வாடிக்கையே போய்விடும்.

பஸ்ஸுக்காக ஒதுங்கிய அந்த ஒல்லியான மனிதர் மஞ்சள் பையிலிருந்து பழைய இன்ஜின் ஆயில் பம்ப் ஒன்றை எடுத்தார். "லாரியோட வைப்பர் மோட்டாரக் கழட்டுங்க. இதச் சுத்த வச்சிடலாம்."

"மழ வருதுங்க! மோட்டார் எரிஞ்சா நான் கண்ண மூடிக்கினா ஓட்டறது?" என்றார் டிரைவர்.

வேறு வழியில்லாமல் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தேன். பம்பையும் மோட்டாரையும் அந்த மனிதர் ரப்பர் குழாய்த் துண்டால் இணைத்து, பம்பின் ஒரு குழாயை பேரலிலும் மறு குழாயை கியர் பாக்ஸிலும் விட்டு, வயரை பேட்டரியில் வைத்தார். பேரல் குபுகுபுவென்று கொப்பளித்தது. நான் ரோட்டுக்கே ஓடிவிட்டேன்.

"வாங்க, வாங்க. உறிஞ்சச் சொன்னா ஊதிக்கினு இருக்குது, அவ்ளோதான்," என்றார் அவர்.

வயரின் இரு முனைகளையும் இடம் மாற்றி வைத்தார். எண்ணெய் தடித்த கயிறாக கியர் பாக்ஸுக்குள் இறங்கியது. காய்ச்சல் பார்ப்பதுபோல் மோட்டாரில் அடிக்கடி புறங்கையை வைப்பார். சுட்டால் நிறுத்துவார், ஆறியதும் ஓட்டுவார்.

மோட்டாரைத் திரும்ப மாட்டியதும், முதல் தூறலில் வைப்பரை ஆட்டிக்கொண்டே லாரி கிளம்பியது.

"பம்பு எவ்ளோங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"முந்நூறு. நாலு நாள் ஓட்டிப் பாத்துட்டுக் குடுங்க," என்று பஸ் ஏறிவிட்டார்.

அந்த பம்பை வேறு மோட்டார் மாட்டி இன்றும் ஓட்டுகிறேன். சுடுகிறதா என்று புறங்கையை வைக்கும்போதெல்லாம் அவர் நினைவுதான். குள்ளஞ்சாவடி பஸ் நின்றால் எட்டிப் பார்க்கிறேன். முந்நூறு ரூபாய் பாக்கி.