கோழிக்குக் கொட்டிய பொங்கல்

பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த தங்கம்மாளுக்குச் சாத்தான் என்றால் அடுத்த தெருக்காரன் மாதிரி. அவ்வளவு பழக்கம்! கல்யாணத்துக்குப் பிறகு கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியவள். சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் இன்பராஜ் எதைச் சொன்னாலும் தட்டமாட்டாள். சாமிக்குப் படைத்த சோற்றில் சாத்தான் குடியிருக்கிறான் என்று அவர் சொன்னார். தலையாட்டிக்கொண்டாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் அவள் மகனுக்கு அம்மை போட்டது. எம்.ரெட்டியபட்டியில் வாக்கப்பட்டிருந்த தங்கை கோகிலாம்பாள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பையன் பிழைத்தான். பங்குனியில் பொங்கல் வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, அந்த வெயிலில் செருப்பில்லாமல் வந்து நின்றாள் பைத்தியக்காரி. தங்கம்மாள் வாளியை வாங்கி, தங்கையின் கண் முன்னாலேயே கோழிக்குக் கொட்டினாள்.

"சாத்தான் சோறு என் வீட்டுக்குள்ள வேண்டாம்."

காலி வாளியோடு போன கோகிலாம்பாள் அப்புறம் வரவேயில்லை. எல்லாம் சாத்தான் செய்த வேலை என்று தங்கம்மாளும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

எழுபத்து நாலாம் வருஷம் உபதேசியார் மதுரையில் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் புதுசாக இருந்தது.

"கொம்பு வச்சுக்கிட்டு வெளியில யாரும் நிக்கல. நம்ம கோவமும் பெருமையுந்தான் சாத்தான். அது வேண்டாம்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் சொல்லுதே, அதுதான் தேவதூதன்."

சபை ஆமென் என்றது. கூட்டம் கலைந்ததும் தங்கம்மாள் அவரை வாசலில் மறித்தாள்.

"அய்யா, அப்ப அன்னைக்குப் பொங்கலைக் கொட்டுனது யாரு?"

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா" என்றார் அவர், குடையை விரித்தபடி.

அவ்வளவுதானாம்! நாக்கில் நரம்பில்லாத மனுஷன்.

"கொட்டாதடின்னு எனக்குள்ள ஒண்ணு சொல்லத்தான் செஞ்சது. சாத்தான்தான் அப்பிடி நைசாப் பேசுவான்னு நீங்க சொல்லிக் குடுத்திருந்தீக. தூதனைப் போயி சாத்தான்னு நம்ப வச்சு என் குடியக் கெடுத்துட்டு, இப்பக் குடையை விரிக்கிறீகளே!" உபதேசியார் தெருவில் இறங்கி நடந்தார்.

மறுநாளே பஸ் ஏறினாள். கோகிலாம்பாள் வாசலில் பருத்தி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாத்தான் வீட்டுக்கு வந்திருக்கியேக்கா?"

"அது ஒன் வீட்டுல இல்ல தாயி. இத்தனை வருசமும் என்கிட்டதான் இருந்திருக்கு."

கோகிலாம்பாள் சிரிக்கவில்லை. "அப்ப அதையும் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பருத்தியைக் கிளறினாள்.