வலது கைக்கு நூறு தடவை

பக்கவாதம் என் மனைவியின் வலது பக்கத்தில் வந்தது. பேச்சு போகவில்லை. நாற்பத்தோராம் நாள் கால் ஊன்றி நடந்தாள். கை மட்டும் வரவில்லை. பேத்தி கல்யாணப் பந்தியில் தன் கையால் சாப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்க்க விடமாட்டாள். ஊட்டிவிடவும் சம்மதிக்கமாட்டாள். கல்யாணத்துக்கு இருநூற்றுப் பதினாறு நாள் இருந்தது.

அருப்புக்கோட்டையில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், வேளைக்கு இருபது தடவை விரல்களை மடக்கி நீட்டச் சொன்னாள். நான் நூறாக்கினேன். திருச்சுழி தாலுகா ஆபீசில் முப்பத்துமூன்று வருஷம் நிலப் பதிவேடு பார்த்தவன். எதையும் குறித்துவைக்காமல் செய்ய வராது. மணிக்கட்டைச் சற்று மேலே நிமிர்த்தினால் விரல் எளிதாக மடங்கும் என்று கண்டுபிடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. வெந்நீரில் வைத்து எடுத்தால் இன்னும் இளகும். சூட்டை என் கையால் பார்த்துவிட்டுத்தான் அவள் கையை உள்ளே விடுவேன். முதல் இரண்டு மாதம் புளியங்கொட்டை பொறுக்கினாள், அப்புறம் நிலக்கடலை, அப்புறம் உளுந்து. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நூறு முடிந்த பிறகே சாப்பிட விடுவேன். கடைசி மாதம் சிந்துவது எட்டுப் பருக்கைக்குள் வந்தது. மணிக்கட்டு விஷயத்தை அந்தப் பெண்ணே என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

பாளையம்பட்டி மண்டபத்தில் இரண்டாம் பந்தி. நான் எதிர்வரிசையில் இருந்தேன். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. அவள் உடனே பிசைய ஆரம்பித்தாள். நேர்த்தியாகப் பிசைந்தாள். ஆறு தடவை எண்ணினேன். பக்கத்தில் இருந்த அவள் தங்கை இன்னும் இலையில் கை வைக்கவில்லை.

"ஏ அக்கா, ஆவி பறக்குது, கைய எடு. சுடலையா ஒனக்கு?"

அவள் கையை எடுத்துப் பார்த்தாள். மூன்று விரல்நுனி சிவந்திருந்தது. சோறு ஆறட்டும் என்று காத்திருந்து, மிச்சத்தை அதே கையால் சாப்பிட்டாள். எத்தனை பருக்கை சிந்தியது என்று நான் பார்க்கவில்லை.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது விரல்கள் கொப்புளித்திருந்தன.

"நூறு நூறா எண்ணினீக. சுடுதான்னு ஒரு நா கேட்டீகளா?"

கேட்கவில்லை என்றேன்.

"சூடு தெரியலன்னு நானும் சொல்லல. மடங்கிட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்."

ஐம்பத்திரண்டு வருஷம் நான் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிட்டாள். இப்போது அவள் தட்டில் முதலில் விரல் வைப்பது நான். சூடு பொறுக்கும் அளவுக்கு வர நூற்றிருபது வரை எண்ண வேண்டியிருக்கிறது. விரலை எடுக்காமல் எண்ணுகிறேன்.